இரணியல் ஸ்டேஷன் தென்னை எத்தனை சென்டிமீட்டர்?

வாசகர் கேள்வி – பதில்

மாதிரி ரயில் லேஅவுட்டில் குமரி மாவட்டத்தைக் கொண்டுவர முயலும் வாசகர்களிடமிருந்து மரங்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வேறு அளவு சொல்லாத இடங்களில் எல்லாம் எச்ஓ, அதாவது 1:87 (நிஜத்தில் 87ல் ஒரு பங்கு) என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டடிக்கு இரண்டடிப் பலகையில் இரணியல் ஸ்டேஷனை மாதிரியாக வைத்து லேஅவுட் செய்கிறேன். வாங்கிய பிளாஸ்டிக் தென்னைகள் 7 செ.மீ. உயரம். ரயில் பெட்டியின் பக்கத்தில் வைத்தால் ஏதோ இடிக்கிறது. என்ன பிழை?
– வாசகர், இரணியல்

உயரம்தான் பிழை. 7 செ.மீ.யை 87 ஆல் பெருக்கினால் 6 மீட்டர் சொச்சம். கையெட்டும் தூரத்தில் காய் தொங்கும் இளந்தென்னை அது. நம்மூர் நெட்டைத் தென்னை 15 முதல் 18 மீட்டர் சாதாரணமாக வளரும். எச்ஓ அளவில் 17 முதல் 21 செ.மீ. பெட்டியின் உயரம் தண்டவாளத்திலிருந்து சுமார் 4 மீட்டர், அதாவது 46 மி.மீ. ஆக, வளர்ந்த தென்னை நான்கு பெட்டியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய உயரத்துக்கு நிற்க வேண்டும். முதலில் நட்டுப் பார்க்கும்போது 'இவ்வளவு உயரமா' என்று கை தயங்கும். தயங்க வேண்டாம். குமரி மாவட்டத்தில் ஸ்டேஷன் கூரை தென்னைக்குக் கீழேதான் இருக்கும்.

ஆனால் எல்லா மரத்தையும் இப்படிக் கணக்குப் போட்டுச் செய்தால் இரண்டடிப் பலகை தாங்காது. 20 மீட்டர் ஆலமரம் 23 செ.மீ. உயரமும் அதைவிடக் கூடுதல் அகலமும் கேட்கும். அகன்று படரும் ஆல், புளி, பலா, அயனி எல்லாவற்றையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கலாம். 11 முதல் 15 செ.மீ. போதும். தென்னையையும் பனையையும் மட்டும் குறைக்காதீர்கள். ஒல்லியாக நிற்பவை இடத்தை அடைப்பதில்லை, உயரம் போனால் அடையாளமும் போய்விடும். நம் அகலப்பாதை 1676 மி.மீ.; எச்ஓவில் 19.3 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 16.5 மி.மீ. தண்டவாளத்தை வைத்துக்கொண்டு நாம் எல்லோரும் சமாதானமாக இருக்கிறோம். கண் அதை மன்னிக்கும். பலாவைவிடக் குட்டையான தென்னையை மன்னிக்காது.

அப்படியானால் தென்னையைக் கையாலேயே செய்ய முழு விவரம் வேண்டும். கம்பியில் காகித ஓலை ஒட்டிப் பார்த்தேன். குடைக்கம்பி மாதிரி வருகிறது.
– வாசகி, குளச்சல்

ஹார்டுவேர் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரை மீட்டர் கணக்கில் வாங்குங்கள். பாக்கெட்டில் 36/0.3 என்று போட்டிருக்க வேண்டும்: உள்ளே 0.3 மி.மீ. செம்பு இழை 36. மேல் உறையோடு சேர்த்துத் தடிமன் சுமார் 3.6 மி.மீ.; கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். 3.6 மி.மீ.யை 87 ஆல் பெருக்கினால் 31 செ.மீ. தென்னந்தடியின் நடுத்தடிமன் அதுதான். வளர்ந்த தென்னையின் கொண்டையில் 30, 35 ஓலை இருக்கும்; இழையோ 36. வயரிங் ஒயர் தென்னைக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் அமைந்திருக்கிறது.

ஒரு மரத்துக்கு 26 செ.மீ. வெட்டுங்கள். கீழே 3 செ.மீ. பலகைக்குள் போக, நடுவில் 17 தடி, உச்சியில் 6 செ.மீ.க்கு உறையைச் சீவி இழைகளைப் பிரிக்க. ஒரு மீட்டரில் மூன்று மரம் போக 22 செ.மீ. மிஞ்சும். அதை எறிய வேண்டாம். குட்டையான நான்காவது மரம் தோப்புக்குத் தேவை. எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் தோப்பு போலிருக்காது.

உறை வழவழப்பானது, பெயின்ட் பிடிக்காது. 120 நம்பர் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பெவிகால் தடவி, அடியிலிருந்து உச்சிவரை சாதாரணத் தையல் நூலைச் சுற்றுங்கள். சுற்றுக்குச் சுற்று சுமார் 1 மி.மீ. இடைவெளி. தென்னந்தடியில் ஓலை உதிர்ந்த வளையத் தழும்புகள் இதனால் வரும். ஒயருக்கு விறைப்பும் இதனால்தான் வரும். அடிப்பகுதியில் வளையம் நெருக்கமாகவும் மங்கலாகவும் இருக்கும், மேலே போகப் போக விலகித் தெளிவாகும். கடைசி 10 மி.மீ.யில் எம்சீல் வைத்து 6, 7 மி.மீ. தடிமனுக்கு அடியைப் பெருக்கச் செய்யுங்கள். பிறகு பெவிகாலும் வால் புட்டியும் தண்ணீரும் கலந்து நீர்த்த பூச்சு ஒரே ஒரு கை. கெட்டியாகப் பூசினால் நூல் மூடிப்போய், செய்த வேலை வீண்.

வளைவை ஈரமாக இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். தென்னை வில்லாக வளைவதில்லை. அடியில் ஒரு பக்கம் சாய்ந்து, வெளிச்சத்தைத் தேடி, மேல் மூன்றில் ஒரு பங்கில் நிமிரும். காய்ந்தபின் வளைத்தால் புட்டி வெடிக்கும்.

இனி ஓலை. ஒரு இழையை மாஸ்கிங் டேப்பின் பசைப்பக்கத்தில் நீளவாக்கில் கிடத்தி, மேலே இன்னொரு துண்டு டேப் ஒட்டி நகத்தால் அழுத்துங்கள். தண்டோடு சேரும் இடத்தில் 10 மி.மீ. இழை வெறுமையாக இருக்கட்டும், அது மட்டை. மற்ற 50 மி.மீ.யை மீன்வடிவில் வெட்டுங்கள், நடுவில் 15 மி.மீ. அகலம், நுனியில் கூர்மை. அதன்பின் கத்தரியை நுனி நோக்கி 45 பாகை சாய்த்து 1 மி.மீ.க்கு ஒரு வெட்டு. நடு இழைக்கு அரை மி.மீ. முன்பு நிறுத்த வேண்டும். 36ல் 26, 28 இழைக்கு ஓலை போட்டால் போதும். மிச்சத்தில் நான்கைந்தை 10 மி.மீ.க்கு நறுக்கிக் குலைக்காம்பாக வைத்து, மற்றதை அடியோடு வெட்டிவிடலாம். ஒரு கொண்டைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பின்வரிசை மரங்களுக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம். ஒற்றைக் காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு ஓலை போதும்.

குடைக்கம்பி மாதிரி வருவதற்குக் காரணம், எல்லா ஓலையையும் ஒரே கோணத்தில் விரித்ததுதான். உச்சியில் இரண்டு மூன்று குருத்து நெட்டுக்குத்தாக, அதிகம் விரியாமல். அடுத்து ஏழெட்டு 45 பாகையில். அடுத்த ஏழெட்டு படுக்கைவாட்டில் புறப்பட்டு நுனி கவிழ்ந்து. கீழ்வரிசை தடியை ஒட்டித் தொங்கலாக. அதிலும் ஒன்றிரண்டு காய்ந்து பழுப்பாக. ஒவ்வொரு ஓலையும் நடு இழை நெடுக வளைய வேண்டும். கீற்றுகள் இரு பக்கமும் சரிந்து, குறுக்காகப் பார்த்தால் கவிழ்த்த ஓடு மாதிரி தெரிய வேண்டும். இந்தச் சரிவு இல்லாத ஓலை எவ்வளவு நுணுக்கமாக நறுக்கினாலும் சீப்புதான்.

ஓலையடியில் உண்மையான பன்னாடைத் துண்டைச் செருக ஆசை வரும். வேண்டாம், இந்த அளவில் அதன் இழை வடக்கயிறு போலத் தெரியும். டிஷ்யூ பேப்பரைப் பிய்த்துப் பழுப்பு நிறத்தில் நனைத்து ஒட்டுங்கள். தேங்காய்க்கு எம்சீலை 3 மி.மீ. உருண்டையாக உருட்டுங்கள், குலைக்கு ஆறேழு, மரத்துக்கு மூன்று நான்கு குலை. தடியின் நிறம் சாம்பல். மண்பழுப்பு அடிப்பது பலரும் செய்யும் தவறு.

ரப்பர்த் தோட்டம் செய்ய வேண்டும். எண்பது மரமாவது வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கம்பி முறுக்கினால் ஆயுள் போதாதே?
– வாசகர், குலசேகரம்

எண்பதில் பதினாறை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். விளிம்பிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முழுதாகப் படுவது முதல் இரண்டு வரிசைதான்.

அதற்கு அதே 2.5 ஒயரை 16 செ.மீ. வெட்டி உறையை முழுதாக உரித்துவிடுங்கள். கீழே 2 செ.மீ. ஊன்ற விட்டு, அதற்கு மேல் 6 செ.மீ. வரை இழைகளை இறுக்கமாக முறுக்கினால் தடி. அதற்கு மேல் 36ஐ மூன்று பன்னிரண்டாக, ஒவ்வொரு பன்னிரண்டையும் மூன்று நான்காக, நான்கை இரண்டிரண்டாகப் பிரித்து முறுக்கிக்கொண்டே போங்கள். பிரிவுகள் ஒரே மட்டத்தில் வரக்கூடாது. ஒன்று 6 செ.மீ.யில் பிரிந்தால் அடுத்தது 7ல், இன்னொன்று 7.5ல். கிளைகள் பக்கவாட்டில் படராமல் மேல் நோக்கி ஒடுங்கியிருக்க வேண்டும். நெருக்கி நட்ட தோட்டத்தில் எல்லா மரமும் வெளிச்சத்துக்காக நெட்டையாகத்தான் ஓடும். தனியாக நின்ற மாமரத்தின் வடிவத்தில் ரப்பரைச் செய்துவிட்டு 'தோட்டம் மாதிரி இல்லையே' என்று கேட்பவர்கள் உண்டு.

பூச்சுக்குப் பெவிகால் இரண்டு பங்கு, வால் புட்டி ஒரு பங்கு, தண்ணீர் சொட்டுச் சொட்டாக, தோசைமாவுப் பதம் வரும்வரை. இரண்டு கை, இடையில் நான்கு மணி நேரம். முறுக்கின் வரிகள் மறையவில்லை என்று ஒரே கையில் அப்பினால் காயும்போது குறுக்கே விரிசல் விடும். ரப்பர்த் தடி மற்ற மரங்களைப்போல் சொரசொரப்பாக இருக்காது. அதனால் காய்ந்தபின் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு.

மூன்றாவது முதல் ஐந்தாவது வரிசைவரை வெறும் தடி போதும். விளக்குமாற்று ஈர்க்கிலில் அடிப்பாகம் 1.5 முதல் 2 மி.மீ. இருக்கும். 8 செ.மீ. வெட்டிச் சாம்பல் பூசி ஊன்றுங்கள். தலைக்கு மேல், தலையணைக்குள் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சைப் புகைபோல மெலிதாக இழுத்து, கறுப்பும் பச்சையும் கலந்து ஸ்பிரே செய்து, ஒரே விரிப்பாகப் போட்டு இலைத்தூள் தூவிவிடலாம். அதற்கும் பின்னால் தடியே வேண்டாம். கரும்பச்சை அட்டையும் மேலே இலைத்திட்டும் போதும்.

இடைவெளி முக்கியம். 16 அடிக்கு 16 அடி நடவு என்றால் எச்ஓவில் 56 மி.மீ. ஓர் அடிச் சதுரத்தில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து. வரிசைகளை லேஅவுட் விளிம்புக்கு இணையாகப் போடாமல் 30 பாகை திருப்பிப் போடுங்கள். நடந்துகொண்டே பார்க்கும்போது ஒவ்வொரு சாலாகத் திறந்து மூடும். ரயில் ஜன்னலில் பார்ப்பது அதைத்தான்.

முன்வரிசை மரங்களில் பால்வெட்டுத் தழும்பைக் காட்டலாம். தரையிலிருந்து 14 மி.மீ. உயரத்தில், மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு மேல் இடமிருந்து கீழ் வலமாகச் சுமார் 30 பாகைச் சரிவு. தடியின் பாதிச் சுற்றளவுக்குத்தான் வெட்டு. முழுச் சுற்றும் கோடு போட்டால் மரம் பட்டுப்போகும் என்று தோட்டக்காரர் சிரிப்பார். ஏற்கெனவே வெட்டிய பகுதி கோட்டுக்கு மேலே இளம்பழுப்பாகத் தெரியும். சரிவின் கடைசியில் சிரட்டை. 12 செ.மீ. சிரட்டை எச்ஓவில் 1.4 மி.மீ., அதாவது ஒரு கடுகின் பாதி. கடுகைப் பிளேடால் பிளந்து வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி சூப்பர் குளூவில் ஒட்டி, உள்ளே ஒரு துளி வெள்ளை. மழைக்காலத் தோட்டம் என்றால் வெட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பார்கள். கறுப்புப் பாலிதீன் துண்டு ஒன்று போதும்.

வளர்ந்த ரப்பருக்கு அடியில் பசும்புல் தூவாதீர்கள். நிழல் அதிகம், கிடப்பதெல்லாம் சருகு. காய்ந்த பூவரசு இலையை மிக்ஸியில் ஓட்டி டீ வடிகட்டியில் சலித்தால் கச்சிதமான சருகு.

மாதத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை செம்பு நிறமாகி உதிரும். பிறகு தளிரும் செம்பு நிறத்திலேயே வரும். வேலை குறைய வேண்டுமானால் இலையுதிர் காலத் தோட்டம்தான் உங்களுக்கு லாபம். ஆனால் அப்போது பக்கத்து மாமரத்தில் பூ இருக்க வேண்டும்.

ஸ்பான்ஜை அரைத்து இலைத்தூள் செய்தேன். உருண்டை உருண்டையாக வந்தது. பச்சையும் பிளாஸ்டிக் பச்சை. ஒட்டியதும் ஒரு வாரத்தில் உதிர்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

மூன்றுக்கும் மூன்று காரணம். உருண்டை வந்தது உலர அரைத்ததால். குஷன் ஸ்பான்ஜை ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஜார் பாதிக்கும் கீழே போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சூட்டில் இளகிப் பிளேடில் சுற்றிக்கொள்ளும். அந்த ஜார் மறுபடி அடுக்களைக்குப் போகக்கூடாது. பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பிழிந்து எடுத்து, அக்ரிலிக் பெயின்டைச் சிறிது நீர்த்து, தூள் முழுதும் ஏறும்வரை கையுறை போட்டுப் பிசைந்து, செய்தித்தாளில் நிழலில் பரப்புங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை கிளறாவிட்டால் அடையாகிவிடும். காய்ந்தபின் முதலில் மாவுச் சல்லடை, பிறகு டீ வடிகட்டி. வடிகட்டியில் இறங்கியது இலை. சல்லடையில் இறங்கி வடிகட்டியில் நின்றது புதர். சல்லடையிலேயே நின்றதை மறுபடி அரைக்க வேண்டும்.

டியூபிலிருந்து எடுத்த பச்சையை அப்படியே போட்டால் பிளாஸ்டிக்தான். பச்சை மூன்று பங்குக்குக் காவி மஞ்சள் ஒரு பங்கு, சிவப்பு ஒரு நுனி. சிவப்பு, பச்சையின் பளிச்சை அடக்கும். பலாவுக்குக் கறுப்பு கலந்த கரும்பச்சை, புளிக்குச் சாம்பல் சேர்ந்த மங்கல், தேக்குக்கு மஞ்சள் தூக்கல். ஒவ்வொரு மரத்திலும் இரண்டு சாயல் இருக்கட்டும்: அடியில் கருமை, மேலே வெளிச்சம் படும் இடத்தில் ஒரு பங்கு மஞ்சள் கூட்டியது.

உதிர்வது பசையின் தண்ணீர் அளவால். தூவும் முன் பெவிகாலும் தண்ணீரும் சரிபாதி. தூவிக் காய்ந்தபின் பெவிகால் ஒன்றுக்குத் தண்ணீர் நான்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெல்லிய ஸ்பிரேயாக ஒரு தடவை. அந்த இரண்டு சொட்டு இல்லாவிட்டால் நீர் ஸ்பான்ஜின் மேல் முத்தாக நின்று வழிந்துவிடும். உதிர்ந்த தூள் தண்டவாளத்தில் கிடந்தால் என்ஜின் பல்சக்கரத்துக்குள் போகும். அதனால் மரத்தை வேறு மேசையில் முடித்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டிவிட்டுத்தான் லேஅவுட்டில் நட வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் செய்கிறேன். பனையும் காற்றாலையும் வைத்தும் அந்த இடம் வரவில்லை.
– வாசகர், தோவாளை

காற்று இல்லை, அதனால் வரவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மேற்கிலிருந்து கணவாய்க்குள் பாய்கிறது. வேம்பும் உடைமரமும் மேற்குப் பக்கம் குட்டையாகி, கிழக்குப் பக்கம் நீண்டு வளரும். கம்பி மரத்தில் காற்றுவரும் பக்கத்துக் கிளைகளைப் பாதியாக நறுக்கி, மற்றவற்றைக் காற்றோடு வாரிச் சீவி விடுங்கள். தடி 15 முதல் 20 பாகை சாயட்டும், தலை தட்டையாக. ஒரு மரம்கூட எதிர்த்திசையில் சாயக்கூடாது. காற்றாலை முகம் மேற்கே பார்க்க வேண்டும், இறக்கைகள் தூணுக்கு மேற்கில். மரம் சாயும் பக்கமே காற்றாலையும் பார்த்தால் இரண்டில் ஒன்று பொய். 50 மீட்டர்த் தூண் எச்ஓவில் 57 செ.மீ.; அதைப் பின்னணிப் பலகையில் சிறிதாக வரைந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

பனைக்கு 4 ஸ்கொயர் ஒயர், கறுப்பு உறை. வெளித்தடிமன் சுமார் 4.2 மி.மீ., உள்ளே 56 இழை. அதில் 30 போதும். உயரம் 20 செ.மீ. ஓலைக்கு 14 மி.மீ. வட்டமாகக் காகிதம் வெட்டி, விளிம்பிலிருந்து 5 மி.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் கீறி, விசிறிபோல் லேசாக மடித்து, இழை நுனியில் ஒட்டுங்கள். மட்டைக்கு 12 மி.மீ. வெற்று இழை. தென்னங்கொண்டை கவிழும், பனங்கொண்டை பந்துபோல் எல்லாப் பக்கமும் விறைக்கும். தடியில் நூல் வளையத்தை நெருக்கிச் சுற்றி, கறுப்பில் சாம்பலை உலர்தூரிகையால் தடவினால் போதும். நுங்குக்குக் கடுகு சரியான அளவு. பெரிய பனைகளுக்கு நடுவே 5 செ.மீ. வடலிகள் (இளம்பனைகள்) நாலைந்து, காய்ந்த ஓலையும் மட்டையும் தடியை மூடித் தொங்க நிற்கட்டும். வடலி இல்லாத பனங்காடு கிடையாது.

வளைவில் பெட்டிகள் மரத்தில் உரசுகின்றன. மரத்தை எவ்வளவு தள்ளி நட வேண்டும்?
– வாசகர், மார்த்தாண்டம்

தண்டவாள நடுவிலிருந்து இலைநுனிவரை 40 மி.மீ. கணக்கு இதுதான். பெட்டியின் அகலம் 3.24 மீட்டர், எச்ஓவில் 37 மி.மீ., பாதி 18.6. நேர்ப்பாதையில் அவ்வளவுதான். 450 மி.மீ. ஆரமுள்ள வளைவில், பழைய நீல ஐசிஎஃப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் 8 மி.மீ. நீட்டும், முனைகள் வெளிப்பக்கம் 8.6 மி.மீ. நீட்டும். புதுவகை எல்எச்பி பெட்டி இன்னும் நீளம், 23.5 மீட்டர், அதன் முனை 12 மி.மீ. வெளியே போகும். 18.6ம் 12ம் சேர்ந்தால் 31 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியின் ஆட்டத்துக்கும் மரத்தின் சாய்வுக்கும் 9 மி.மீ. விட்டால் 40. நடும் முன் உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

செம்புக் கம்பி மரம் இன்னொரு ஆபத்து. வெட்டி எறிந்த இழை ஒன்று இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே கிடந்தால் ஷார்ட். நட்ட மரத்தின் அடி முனை பலகைக்குக் கீழே நீட்டிக்கொண்டு வயரிங்கைத் தொடாமலும் பார்க்க வேண்டும்.

எந்தக் காலத்தைக் காட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லவில்லை. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதை 1979ல் திறந்தது, நாகர்கோவில் – திருநெல்வேலி 1981ல். அந்த டீசல் காலம் என்றால் தென்னை பாதையின் மேல் சாயலாம். மின்கம்பி போட்ட பிந்தைய காலம் என்றால் கம்பி மட்டத்துக்கு, அதாவது சுமார் 64 மி.மீ. உயரத்துக்கு மேலும் எந்த ஓலையும் பாதைப் பக்கம் எட்டிப்பார்க்கக்கூடாது, நிஜத்தில் வெட்டியிருப்பார்கள்.

என்னுடைய லேஅவுட் 'என்' (N) அளவு, 1:160. இதே ஒயர் முறை சரிவருமா?
– வாசகர், பூதப்பாண்டி

உறையோடு சரிவராது, 3.6 மி.மீ. தடி 58 செ.மீ. ஆகிவிடும். 1.5 ஸ்கொயர் ஒயரின் உறையை முழுதும் உரித்து, உள்ளே உள்ள 22 இழையை மட்டும் முறுக்குங்கள். தென்னை 10 செ.மீ., ஓலை 30 மி.மீ. கீற்றுக்குக் கீற்று நறுக்க வேண்டாம், 2 மி.மீ.க்கு ஒரு வெட்டு போதும். நூல் சுற்றுவதும் வேண்டாம்.

கடற்கரை வீடு. இரும்புக் கம்பி மரங்களில் துரு கசிகிறது. துளசிக் கதிரில் செய்தவற்றில் பூஞ்சை, பூச்சி.
– வாசகி, தேங்காப்பட்டணம்

உப்புக்காற்றுக்கு இரும்பு ஆகாது. எத்தனை கோட் அடித்தாலும் நுனியில் துரு கசியும். செம்புக்கு மாறுங்கள், ஆனால் பெவிகாலில் உள்ள லேசான அமிலம் செம்பில் பச்சைக்களிம்பு ஏற்றும். பூச்சுக்கு முன் ஸ்பிரே பிரைமர் ஒரு கை அடித்துவிட்டால் தொல்லை இல்லை.

துளசிக் கதிர், புல் வேர், மருதாணிச் சுள்ளி எல்லாம் கம்பியைவிட அழகான கிளை தரும். ஆனால் பச்சையாக ஒட்டினால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 40 கிராம் போரிக் ஆசிட் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டு, மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, பிறகு நீர்த்த பெவிகாலில் முக்கி எடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் செய்யுங்கள். ஜூன், ஜூலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அப்போது பெவிகால் நாள் கணக்கில் வெள்ளையாகவே நிற்கும். உள் ஈரத்தோடு பெயின்ட் அடித்தால் பூஞ்சை உறுதி. தேங்காய்க்கு ஜவ்வரிசி, மல்லி விதை வைத்தவர்களுக்கும் இதே கதைதான். கடுகை மட்டும் விடலாம், அதுவும் சூப்பர் குளூவில் முழுதாக மூடியபின்.

வாழைக்கும் ஒயர் உண்டா?
– வாசகர், தக்கலை

உண்டு. 1 ஸ்கொயர் ஒயர், 14/0.3. உறையோடு 2.7 மி.மீ., வாழைத்தண்டின் 23 செ.மீ.க்குச் சரி. தண்டு 30 மி.மீ., இலை 23 மி.மீ. நீளம் 6 மி.மீ. அகலம், மரத்துக்கு ஒன்பது பத்து. இங்கே கீற்று நறுக்கக் கூடாது. இலையை ஒட்டிப் பெயின்ட் காய்ந்தபின் விளிம்பிலிருந்து நடுநரம்புவரை அங்கங்கே கையால் கிழித்துவிடுங்கள், காற்றில் கிழிந்ததுபோல். குருத்தில் கிழிசல் வேண்டாம். மரத்துக்கு மரம் 23 மி.மீ. செந்துளுவன் (செவ்வாழை) தோட்டம் என்றால் தண்டிலும் நடுநரம்பிலும் செங்கருமை. மட்டி, ஏத்தன் என்றால் பச்சைத் தண்டில் பழுப்புத் திட்டு. குலை தள்ளிய ஏத்தனுக்கு ஒரு முட்டுக்கம்பு, ஈர்க்கிலைச் சீவி, குலையின் எதிர்ப்பக்கம் அல்ல, குலை சாயும் பக்கம் கொடுங்கள்.